மரக்கூழா, அட்டையா என்று நின்ற கொள்கலன்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, எந்தச் சரக்குக்கு எந்தச் சுங்க வரி இலக்கம் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்குத் தடித்த புத்தகம் இருக்கிறது, கணினி இருக்கிறது, சந்தேகம் வந்தால் கேட்க ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் கொள்கலனின் கதவு வெயிலில் திறந்து கிடக்கும். முன்னால் சுங்க உத்தியோகத்தர் நிற்பார். காதோடு வைத்த தொலைபேசியில் முதலாளி கத்திக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் அந்த இடத்திலேயே பதில் வேண்டும். அப்போது என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்பில் சுங்கத்திலிருந்து சரக்கு விடுவிக்கும் கம்பனியில் வேலை பழகி, பிறகு சொந்தமாக முகவர் அனுமதி எடுத்து, கடைசி வருஷங்களில் ஹட்டனில் ஒரு மேசை, இரண்டு நாற்காலியோடு ஒரு சின்னக் கந்தோர் வைத்திருந்தேன். கந்தோர் மலையில், துறைமுகம் கொழும்பில். வாரத்தில் பாதி ரயிலிலும் பஸ்ஸிலும் போகும். "ஏன் மிஸ் இங்க கெடந்து கஷ்டப்படுறீங்க, கொழும்புலயே இருக்கலாமே" என்று கேட்காதவர்கள் இல்லை. மலையில் தொழில் செய்கிறவர்களுக்குக் கொழும்பு முகவர் ஒருவர் தொலைபேசியில் மட்டுமே கிடைப்பார். நான் நேரில் போவேன், அவர்களுடைய இயந்திரத்தைப் பார்ப்பேன், அது எதைத் தின்று எதைத் தருகிறது என்று கேட்பேன். சரக்கை எங்கே எதற்குப் பாவிக்கிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

அப்படிப் பழக்கமானவர்தான் நிஸார் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஹட்டனில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரை வாங்கி, அதில் அட்டைப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார். சாதாரணப் பெட்டி இல்லை. வெளிநாட்டுக்கு அன்பளிப்புத் தேயிலை போகுமே, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத வழுவழுப்பான பெட்டி, அது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் சொல்லத் தொடங்கிய பிறகு அவருக்கு நல்ல கிராக்கி.

அந்த வழுவழுப்புக்குத்தான் கடின மரக் கூழ். எங்கள் பக்கம் டர்பன்டைன் மரம் என்று சொல்கிற யூக்கலிப்டஸை வெட்டி, வேகவைத்து, வெளுத்து, கூழாக்கி, கப்பலில் ஏற்ற வசதியாகத் தடித்த தகடுகளாகக் காயவைத்துக் கட்டி அனுப்புவார்கள். இங்கே வந்ததும் தண்ணீரில் போட்டு மறுபடி கூழாக்கிப் பெட்டிக்கு அட்டை செய்வார்கள்.

என் கணவரின் தங்கை ராஜேஸ்வரி அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்தாள். அக்கரப்பத்தனையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவள் இருந்த லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், எல்லோரும் பயமுறுத்தினார்கள். தோட்டத்தில் வேலை செய்யாதவளுக்கு லயத்துக் காம்பரா எதற்கு என்று தோட்டத்துத் தொரை ஒரு நாள் கேட்டுவிட்டால்? அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடியமுன் பஸ் பிடித்து, தூக்கத்தோடு போய் இறங்கி, கூழ் கரைக்கிற தொட்டிப் பக்கம் நிற்பாள். "தோட்டத்துல அட்டை ரத்தம் குடிச்சுது அண்ணி, இங்க அட்டை சோறு போடுது" என்று சொல்லிச் சிரிப்பாள். "நம்ம மலையெல்லாம் டர்பன்டைன் மரமா நிக்கிது, அதையே ஏன் கப்பல்ல கொண்டாறீங்க?" என்றும் ஒருமுறை கேட்டாள். அதைக் கூழாக்கிற ஆலை இங்கே இல்லை என்று சொன்னேன். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை, எனக்கும்தான்.

டொலர் தட்டுப்பாடு கொஞ்சம் தணிந்து, கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம். நிஸார் நானாவுக்கு ஒரு பெரிய ஓடர். பண்டிகைக்கு முன்னால் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய தேயிலைக்கான பெட்டிகள். கையிலிருந்த கூழ் முடிகிற தறுவாயில்தான் புதுக் கொள்கலன் கொழும்புக்கு வந்தது. வெளுத்த கடின மரக் கூழ் என்று சுங்கத்துக்கு நான்தான் அறிவித்திருந்தேன்.

சுங்கத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தவர் திலினி. முப்பது வயது இருக்கலாம். அந்தப் பிரிவுக்குப் புதிது. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில். நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லி, மேலே இருந்த வெள்ளைத் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். டப் டப் என்று சத்தம் வந்தது.

"அக்கே, இது அட்டை."

"இல்லை மிஸ், கூழ்."

"கூழ் என்றால் ஈரமாக இருக்க வேண்டாமா?"

எங்களோடு நின்ற லொறி டிரைவர் சிரித்துவிட்டார். பெரிதாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. திலினியின் முகம் அந்த நொடியே மூடிக்கொண்டது. "அட்டை என்று எழுதுகிறேன். பொய் அறிவிப்பு என்று விசாரணைக்குப் போகும்" என்றார்.

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஒரு வாரத்தைத் தின்றது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. அந்தத் தகட்டை முதன்முதலாகப் பார்க்கிற யாருக்கும் அது அட்டைதான். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். கேட்கிறவரைச் சின்னவராக்கிவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லுகிற உண்மையும் அவருக்குக் குத்தலாகத்தான் கேட்கும்.

கூழுக்கும் அட்டைக்கும் வரி ஒன்றல்ல. அட்டைக்கு நிறையக் கூட. அதைவிட மோசமானது பொய் அறிவிப்பு என்கிற பேர். சரக்கே பறிபோகலாம்.

நிஸார் நானாவுக்கு அழைத்தேன்.

"என்ன மிஸ் செல்றீங்க? அட்டையா? அட்டை வந்தா நான் எதுக்கு மெஷின் போட்டு வெச்சிரிக்கேன்?"

"நானா, கொஞ்சம் பொறுங்க. பேசிப் பாக்கிறேன்."

"பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல மிஸ். தொட்டி காயப் போவுது. அட்டைன்னே எழுதிக்கட்டும். கட்ட வேண்டியத கட்டிட்டு எடுத்துருங்க."

"அட்டைன்னு ஒத்துக்கிட்டா, நம்ம பொய் சொல்லிக் கொண்டு வந்தோம்னு ஒத்துக்கிற மாதிரி நானா. அடுத்த தடவ வர்றதும் அட்டைதான். நீங்க மட்டுமில்ல, கூழ் கொண்டு வர்ற எல்லாருக்கும் இதைக் காட்டுவாங்க."

"உங்கட வேல. பாத்துச் செய்ங்க" என்று வைத்துவிட்டார்.

நான் துறைமுக முற்றத்துக் காவலாளியிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். கூழ்த் தகட்டில் ஒரு துண்டும், பக்கத்தில் கிடந்த பழைய அட்டைப் பெட்டியின் மூடியில் ஒரு துண்டும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தகட்டை விரலால் கசக்கினேன். ஊறின அவல் மாதிரிக் கரைந்து போனது. அட்டை அப்படியே வளைந்துகொண்டு கிடந்தது. எனக்குள் வெற்றிக் களிப்புத்தான்.

திலினி வாளியைக் குனிந்து பார்த்தார். "மை ஒற்றுகிற தாளும் இப்படித்தான் கரையும்" என்றார்.

உண்மைதான். அவர் புத்திசாலி. நான் வாளித் தண்ணீரைக் கொட்டினேன்.

அங்கே ஒரு தகரக் கூரை தேத்தண்ணிக் கடை இருந்தது. "வெயிலாக இருக்கிறது மிஸ், ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்று கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை, வந்தார். தன்னுடைய கோப்பைக்குத் தானே காசு கொடுத்தார். கூழைப் பற்றிப் பேசவில்லை. ஊர் எங்கே என்று கேட்டேன். கொத்மலை என்றார். நீர்த்தேக்கத்துக்கு மேலே வீடு. அப்பா பஸ் டிரைவர். அவருடைய வீட்டில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். கோப்பையில் பாதி முடிந்த பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அக்கே, நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் ஒரு முகவரை நம்பி ஒரு சரக்கை விட்டார். அது வேறு எதுவாகவோ இருந்தது. அவர் இன்னும் விசாரணைக்குப் போய் வருகிறார். நான் பிழையாகப் பிடித்து வைத்தால் உங்களுக்குத் தாமதம். பிழையாக விட்டால் எனக்கு வேலையே போய்விடும்."

அதுவரை நான் கூழைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். அவரோ தனியாகக் கையெழுத்துப் போடுவதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தார். ஒரே கொள்கலனுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு விஷயத்தைப் பேசியிருக்கிறோம்.

"அப்படியென்றால் மிஸ், ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். எழுத்தில் நானே கேட்கிறேன். அவர்கள் அறிக்கை தரட்டும். நீங்கள் தனியாக முடிவெடுத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது" என்றேன்.

அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். "நாள் எடுக்குமே அக்கே" என்றார். இப்போது என் தாமதத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டார். எதிரில் இருக்கிறவருடைய பயம் என்ன என்று கண்டுபிடியுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லுவதெல்லாம் அந்தப் பிளேன்டீயில் படித்ததுதான்.

ஒரு வாரம் இழுபட்டு அனுமதி வந்தது. மாதிரி எடுக்க மறுபடியும் அதே முற்றம், அதே வெயில். முன்னால் இருந்த கட்டுகளில் மாதிரி எடுத்துப் பையில் போட்டாயிற்று. "உள்ளேயிருந்தும் ஒன்று எடுப்போம்" என்றார் திலினி. ஆட்கள் பின்பக்கத்திலிருந்து ஒரு கட்டை இழுத்து வந்தார்கள். நான் மேல் தகட்டை எடுத்து மூலையைக் கிழித்தேன்.

அது கிழிந்த விதம் சரியில்லை.

கடின மரக் கூழ் கிழிந்தால் பிஸ்கட் உடைகிற மாதிரி மொட்டையாக வரும். அதன் இழை குட்டை. என் கையில் இருந்தது முரண்டு பிடித்தது. இழுத்துக் கிழித்தபோது விளிம்பில் பஞ்சு மாதிரி நீளமாக நூல் நூலாக நின்றது. இது யூக்கலிப்டஸ் இல்லை. பைன் மாதிரி ஊசியிலை மரம். பக்கத்துக் கட்டையும் கிழித்தேன். அதுவும் அப்படித்தான். இரண்டும் கூழ்தான். ஆனால் ஊசியிலைக் கூழுக்கு இலக்கம் வேறு, விலையும் கூட. நான் அறிவித்தது முழுவதும் கடின மரம் என்று.

திலினி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை. அவருடைய கேள்வி கூழா அட்டையா என்பதுதான். இந்தத் தகட்டை நான் கீழே போட்டுவிட்டு முன்னால் இருக்கிற கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தால், அறிக்கை நல்லபடியாக வரும், கதவு திறக்கும், கூழ் மலை ஏறும். வரியிலும் வித்தியாசம் எதுவும் இல்லை. யாருக்கும் நட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. ராஜேஸ்வரி.

"அண்ணி, என்னாச்சு? கூழு எப்ப வரும்?"

"ஏன், என்னா?"

"மொதலாளி நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிட்டாரு. கூழு வந்தோன்ன கூப்புடுறாராம். இங்க தோட்டத்து வேலைய மேக்கிற கண்டாக்கு ஐயா நேத்தே கேட்டாரு, தோட்டத்துக்குத் திரும்பி வர்றியா, இல்ல வேற யாரையாச்சும் சேக்கவான்னு. நாளைக்குக் காலைல ஆளு எண்ணுற பெரட்டுக்குப் போயி பேரு குடுக்கவா, இல்ல பொறுக்கவா? ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி."

என் கையில் அந்தக் கிழிந்த தகடு இருந்தது. "பொறுத்துச் சொல்றேன் ராஜி" என்று வைத்துவிட்டேன். எதற்காகப் பொறுக்கச் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

நிஸார் நானாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க கண்டாங்களா?"

"இல்ல."

"பொறகு என்ன மிஸ்? நீங்களா ஏன் வாயத் தொறக்கணும்? வெல கூடின சாமானத்தானே அனுப்பியிருக்கான், நமக்கு லாபம்தானே. அல்லாஹ்வுக்காக, சும்மா இருங்க."

"நானா, இதை நான் பாத்துட்டேன். பாத்துட்டுப் பாக்காத மாதிரி என் பேர்ல ஒரு அறிவிப்பு நிக்க முடியாது. இந்தப் பொண்ணு என்னை நம்பித்தான் என் கையால மாதிரி எடுக்க விடுது. நாளைக்கு இது வெளிய வந்தா, மொதல்ல மாட்டுறது அவங்க."

"அவங்கள பத்தி யோசிக்கிறீங்க. இங்க ஈக்கிற பொம்பளயாளுகள பத்தி யோசிச்சீங்களா?"

தொலைபேசியை வைத்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாமலேயே சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தேன்.

திலினியிடம் போய், "மிஸ், இந்தத் தகட்டைக் கிழித்துப் பாருங்கள். பிறகு இதையும் கிழித்துப் பாருங்கள்" என்று இரண்டையும் நீட்டினேன்.

இரண்டையும் கிழித்தார். நீளமாக நின்ற இழையை விரலால் தடவினார். நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றியை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபம்.

"இதை ஏன் அக்கே எனக்குச் சொன்னீர்கள்? இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்குமே."

"முடிந்த பிறகு யாராவது கண்டுபிடித்தால்?"

"தெரியும்" என்றார். "தெரியும். ஆனாலும்."

கதவைச் சாத்தி முத்திரை போடச் சொன்னார்.

அதன் பிறகு நடந்த எதுவும் லேசாக இல்லை. முழுக் கொள்கலனையும் இறக்கி ஒவ்வொரு கட்டாகப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் ஒரு வரிசை முழுவதும் ஊசியிலை மரக் கூழ். விசாரணை நடத்திய மூத்த அதிகாரிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. விலை கூடின சரக்கை, விலை குறைந்ததென்று சொல்லி எவன் சும்மா அனுப்புவான், மறைவாக வேறு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நானே அவருடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லுவார்கள். எனக்கு அன்றைக்குப் பாரம் ஏறத்தான் செய்தது.

நிஸார் நானாவைக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். விசாரணை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

சரக்கு அனுப்பிய வெளிநாட்டுக் கம்பனியிடமிருந்து பதில் வர நாளாயிற்று. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஏற்றுகிற அன்று கடின மரக் கூழ் போதவில்லையாம். களஞ்சியத்தில் மிச்சமிருந்த மற்றதைப் போட்டுக் கொள்கலனை நிரப்பிவிட்டார்கள். நல்ல சரக்குத்தானே, வாங்குகிறவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார்களாம். கந்தோருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சதியும் இல்லை. எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் செய்த வேலை.

கடைசி விசாரணையில் மூத்த அதிகாரி திலினியைக் கேட்டார்: "இந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடித்தது?"

அவர் தான்தான் என்று சொல்லியிருக்கலாம். பரிசோதனைக்குப் போனவர் அவர்தானே. அவருக்கு அது நல்ல பெயர் தந்திருக்கும், நானும் மறுத்திருக்க மாட்டேன்.

"முகவர் அம்மா கண்டு சொன்னார் சேர். நான் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை" என்றார் திலினி.

புதிதாக வந்த ஒரு உத்தியோகத்தர், தன் மேலதிகாரிக்கு முன்னால், நான் கவனிக்கவில்லை என்று சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, "நீங்களாகச் சொல்லியிருக்காவிட்டால் இந்தப் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வரத்தான் இத்தனை நாளும் இத்தனை விசாரணையும் தேவைப்பட்டிருக்கிறது. ஆய்வுகூடமும் கூழ் என்றே சொல்லியிருந்தது. கடின மரம் அதன் இலக்கத்தில், ஊசியிலை மரம் அதன் இலக்கத்தில் என்று அறிவிப்பைத் திருத்தி, பெயருக்கு ஒரு தண்டம் விதித்து விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கூழ்க் கொள்கலன் எதையும் அந்தப் பிரிவில் யாரும் அட்டை என்று சொல்லவில்லை.

இங்கேயே நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். நிறுத்த முடியாது. கூழ் மலை ஏறியபோது அந்தப் பண்டிகை ஓடரில் பாதிக்கு மேல் வேறு ஊர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. மிச்சத்தை வைத்து நிஸார் நானா தொழிற்சாலையைத் திறந்தார். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேலை இல்லை. வீடு பக்கமாக இருக்கிறவர்களை மட்டும் எடுத்தார். அக்கரப்பத்தனையிலிருந்து வருகிற ராஜேஸ்வரிக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. என் பதிலுக்குப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டிருந்தாள். கொழுந்துக் கூடையை மறுபடியும் தலையில் மாட்டியாயிற்று.

நிஸார் நானா அடுத்த கொள்கலனையும் எனக்குத்தான் தந்தார். "கோவம் இன்னும் போவல்ல மிஸ். ஆனா பின்னுக்கு ஈக்கிற கட்டையும் கிழிச்சுப் பாக்கிற ஆளு வேற யாரு ஈக்கி?" என்றார். அவரோடு அப்படிச் சரியானது.

ராஜேஸ்வரியிடம் தொலைபேசியில் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். நல்ல மழை. லயத்து வாசலில் சாக்கை விரித்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்க அண்ணி" என்றாள். சிரிக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். தகடு கிழிந்தது, அவள் அழைத்தபோது அது என் கையில் இருந்தது, நான் போய்ச் சொன்னது. விறகுப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கஸ்டம்ஸ் மிஸ் பாக்கலைன்னு சொல்றீங்க."

"பாக்கல."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"கொஞ்ச நாள்லயே கூழு வந்திருக்கும்."

"நான் வேலைல இருந்திருப்பேன்."

"இருந்திருப்ப."

அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வழிந்தது. அவள் இறக்கவில்லை. நான் எழுந்து இறக்கினேன்.

"நான் அப்ப போன் பண்ணுனேனே அண்ணி. அந்த நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சொல்லாதீங்கன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள். குரல் உயர்ந்தது. "காலப் புடிச்சிருப்பேன். அப்பவும் நீங்க போயிச் சொல்லத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

"அப்புறம் எதுக்குக் கேக்கணும் ராஜி?"

அவள் இரண்டு கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றினாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல அண்ணி. ஆனா என் வேலைய எடுத்துத்தான் நீங்க அந்த உண்மையச் சொன்னீங்க. எடுக்கிறப்ப ஒருக்கா என் மூஞ்சியப் பாத்துட்டு எடுத்திருக்கலாம்ல?"

அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை, யாரும் கவனிக்காத கிழிசல் ஒன்று என்றைக்காவது உங்கள் கையில் வந்து நிற்கும். சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாயைத் திறக்கும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். முதலாளிக்கு இல்லை. தொட்டிப் பக்கம் நிற்கிறவளுக்கு. அவள் வேண்டாம் என்பாள், அழுவாள், திட்டுவாள். முழுவதையும் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.